நூத்தி எழுபத்தாறு புள்ளி

எடுங்க சார், எடுங்க. காவிரி இந்த இடத்துலதான் நல்ல அகலம். ஆனா ஒண்ணு, ஓடுற பஸ்ஸுல ஜன்னல் வழியா போன்ல எடுத்ததைப் பெருசு பண்ண முடியாது. போன்ல பாக்கறப்போ பிரமாதமா இருக்கும். பிரிண்டு போட்டாத்தான் சேதி தெரியும். எனக்கு அதுல அனுபவம் உண்டு. சும்மா அனுபவம் இல்ல, நூறு பேர் முன்னால நின்னு பட்ட அனுபவம்.

நீங்க எதுவரைக்கும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சொல்றேன் கேளுங்க. யாரு பேர்ல தப்புன்னு கடைசியில நீங்களே சொல்லுங்க.

எம் பேரு அருணகிரி. முசிறிதான் ஊரு. பொதுப்பணித்துறையில உதவி செயற்பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். பாசனப் பிரிவு. மதகு, கலிங்கு, தடுப்பணை, வாய்க்கால்னு முப்பத்திமூணு வருஷம் தண்ணியோடயே குடித்தனம் பண்ணினேன். வேற கெட்ட பழக்கம் கிடையாது, போட்டோ எடுக்கறது ஒண்ணுதான். கல்யாணமான வருஷம், எண்பத்தெட்டுல, முதல் கேமரா வாங்கினேன். இன்னைய தேதிக்கு எங்கிட்ட பதினோராயிரத்துச் சொச்சம் படம் இருக்கு. எல்லாம் அணைக்கட்டு, மதகு, பாலம். மனுஷங்களை நான் எடுக்கறதில்ல சார். மனுஷங்க ஆடுவாங்க, கண்ணை மூடிக்குவாங்க, எடுத்துக் குடுத்தா நல்லா இல்லேம்பாங்க. மதகு அப்படிச் சொல்லாது.

ஆனா மதகைத் தனியா எடுத்தா அது பத்தடியா முப்பதடியான்னு பாக்கறவனுக்குத் தெரியாது. பக்கத்துல அளவு தெரிஞ்ச பொருள் ஒண்ணு நிக்கணும். சில பேர் குடையைச் சாத்தி வெப்பாங்க. சில பேர் அளவுகோலை நடுவாங்க. நான் எங்க வீட்டம்மாவை நிக்க வெப்பேன். சரியா அஞ்சடி. கால் இஞ்சு கூட இல்ல, குறைய இல்ல. பொண்ணு பாக்கப் போனப்பவே நிலைப்படியை வெச்சுக் கண்ணால அளந்துட்டேன். மத்ததெல்லாம் எங்கம்மா பாத்துக்கிட்டாங்க.

அவ பேரு தையல்நாயகி. ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸு, பிரசவ வார்டு. ஊர்ல தையல் சிஸ்டர்னாத்தான் தெரியும். தையல் போடறதால அந்தப் பேருன்னு பாதி ஊர் நெனச்சுக்கிட்டு இருக்கு. ராத்திரி டூட்டி முடிச்சு காலையில அவ வெளிய வர்றப்போ நான் வாசல்ல வண்டியோட நிப்பேன். அப்படியே ஏத்திக்கிட்டு மேலணை, கல்லணை, மாயனூர்னு கிளம்பிடுவோம். கொஞ்சம் தூங்கிட்டு வர்றேனேம்பா. வெளிச்சம் தூங்காதும்மான்னு சொல்வேன். காலை வெளிச்சம் கருங்கல்லுக்கு அவ்வளவு நல்லது சார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னால ஊரே என்னைக் கேட்டுச்சு, பொண்டாட்டியை ஒரு படம்கூட எடுத்ததில்லையான்னு. எடுக்காமலா? நாலாயிரத்து முந்நூறு படத்துல அவ இருக்கா. நீங்க கல்யாணமானவரா? உங்க வீட்டம்மாவை நாலாயிரம் படம் எடுத்திருக்கீங்களா? ஆங். அப்ப சொல்லுங்க.

போன மார்ச்சுல ஒரு நாள், அவ டூட்டிக்குப் போயிருந்த நேரத்துல, பிலோமினா சிஸ்டர் வீட்டுக்கு வந்தாங்க. அவங்களும் அதே வார்டு நர்ஸு. அதட்டிப் பேசற ஆளு. வந்தவங்க உக்காரக்கூட இல்ல.

"சார், மே மாசத்தோட தையல் சிஸ்டர் ரிட்டயர் ஆறாங்க. முப்பத்திநாலு வருஷ சர்வீஸு. ஊர்ல பாதிப் பேரு அவங்க கையில விழுந்தவங்கதான். தாய்மாருங்கெல்லாம் சேந்து, வார்டுக்கு வெளிய காத்திருக்கற எடத்துல அவங்க படம் ஒண்ணு மாட்டணும்னு நிக்கறாங்க. மூணடிக்கு நாலடி, மார்பளவுப் படம். வலி வந்து பயந்துக்கிட்டு உள்ள வர்ற பொண்ணுங்க அந்த மூஞ்சியைப் பாத்துட்டு வரணுமாம். படம் நீங்கதான் குடுக்கணும். சிஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது, பிரிவு விழா அன்னைக்குத்தான் பாக்கணும்."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பூரிப்பு. ஊர்ல எத்தனையோ ஸ்டூடியோ இருக்க, என்னைத் தேடி வந்திருக்காங்க. "கவலையை விடுங்க சிஸ்டர். எங்கிட்ட இல்லாத படமா"ன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

ரெண்டு வாரம் உக்காந்து தேடினேன். நல்லதா இருபது படம் பொறுக்கினேன். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு படத்துலயும் எழுபத்திரெண்டுன்னு ஒரு கட்டத்துல போட்டிருக்கும். நல்ல பிரிண்டுக்கு முந்நூறு வேணும்னு எங்கயோ படிச்சிருக்கேன். எழுபத்திரெண்டை அழிச்சு முந்நூறுன்னு அடிச்சேன். இருபது படமும் அரை மணி நேரத்துல முதல் தரம் ஆயிடுச்சு.

பென் டிரைவை எடுத்துக்கிட்டு திருச்சிக்கு வந்தேன். தில்லை நகர்ல ஒரு கலர் லேபு. நிலோஃபர்னு ஒரு பொண்ணு அதைப் பாத்துக்குது. முப்பது வயசிருக்கும். நிதானமாப் பேசும். பேச்சுல மரியாதை குறையாது, ஆனா நாம சொல்றதை ஒத்துக்கவும் செய்யாது. அந்த மாதிரி.

முதல் படத்தைத் திறந்துச்சு. மேலணை. மழை நின்ன மறுநாள் எடுத்தது. கல்லு கல்லா எண்ணலாம்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். இதுல அம்மா எங்க?"

"அதோ, மூணாவது மதகுக்குப் பக்கத்துல."

"அந்தப் பச்சையா?"

"அது புடவை. அதுக்கு மேல."

அது பெருசு பண்ணிக்கிட்டே போச்சு. மதகு வெளிய போயிடுச்சு, தூண் வெளிய போயிடுச்சு, பச்சை வந்துச்சு, அதுக்கு மேல பழுப்பா ஒரு கும்பல். கட்டம் கட்டமா. நீங்க டிவியில பாத்திருப்பீங்களே, போலீசு பிடிச்சுட்டுப் போற ஆளோட மூஞ்சியை மறைப்பாங்களே, அப்படி.

அந்தப் பொண்ணு பென்சிலால திரையில தொட்டுத் தொட்டு எண்ணுச்சு. "குறுக்கால பதினொண்ணு. நெடுக்கால பதினாறு. மொத்தம் நூத்தி எழுபத்தாறு புள்ளி சார். இந்தப் படத்துல அம்மா முகம்னு இருக்கறது இவ்வளவுதான்."

"எட்டு எம்பி படம்மா அது."

"எட்டு எம்பியும் அணைக்குப் போயிடுச்சு சார். அம்மாவுக்கு வந்தது இதுதான்."

"முந்நூறு வெச்சிருக்கேனே, பாக்கலையா?"

"அது ஒரு இஞ்சுக்குள்ள எத்தனை புள்ளியை அடைக்கணும்னு மெஷினுக்குச் சொல்ற குறிப்பு சார். முந்நூறுன்னு எழுதினா இருக்கறதை நெருக்கி அடைக்கும், படம் சின்னதாகும். இல்லாத புள்ளி எங்கருந்து வரும்? முந்நூறு வெச்சா அம்மா முகம் கடுகு அளவுக்கு வரும். நீங்க கேக்கற அளவுக்கு இழுத்தா ஒவ்வொரு புள்ளியும் கேரம் காய் அளவு நிக்கும்."

நான் கொஞ்சம் குரலை உசத்தினேன். பொதுப்பணித்துறையில எத்தனை வருஷம், எத்தனை காண்ட்ராக்டரைப் பாத்தவன்னு சொன்னேன். அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, தண்ணி ஒரு டம்ளர் குடுத்துட்டுச் சொல்லுச்சு: "சார், நீங்க பாசனத்துல இருந்தவங்க. வாய்க்கால்ல வர்ற தண்ணி நூறு கன அடி. வாய்க்காலை நாலு மடங்கு அகலமா வெட்டிட்டா தண்ணி நானூறு ஆயிடுமா?"

"ஆகாது. ஆழம் குறையும்."

"அவ்வளவுதான் சார். படத்தை அகலமாக்கறோம், ஆழம் குறையுது."

நல்ல உதாரணம் சார் அது. அதுக்கு அப்படித் தோணினதே நான் என் சர்வீஸைப் பத்திச் சொன்னதாலதான். அது வேற விஷயம்.

பிலிம் நெகடிவ் எடுத்துட்டுப் போனேன், அடுத்த வாரம். பிலிம்ல புள்ளி ஏது? அந்தப் பொண்ணு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, "இதுல புள்ளிக்குப் பதிலா மணி மணியா இருக்கும் சார். அம்மா முகத்துல நாலஞ்சு மணிதான் இருக்கு"ன்னுச்சு. கல்யாணப் படத்தைக் காட்டினேன். தலை குனிஞ்சிருக்கா, மாலை மூக்கு வரைக்கும் மறைக்குது. மக வாட்ஸப்புல அனுப்பினதுல பேரன் குறுக்க இருக்கான். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில கண்ணு மேல முத்திரை.

"ஏன் சார் இவ்வளவு சிரமம்? அம்மா வீட்டுலதானே இருக்காங்க? நாலடி தள்ளி நின்னு புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன். பெரிய படத்தைத் தள்ளி நின்னுதான் பாப்பாங்க. இஞ்சுக்கு அறுபது புள்ளி வந்தாக்கூடப் போதும், உங்க கேமராவே தாராளம்."

நானும் முயற்சி பண்ணாம இல்ல சார். ஒரு சாயங்காலம் அவ காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. கேமராவை எடுத்துக்கிட்டு அடுப்படி வாசல்ல போய் நின்னேன். "தையல், கொஞ்சம் நில்லு, லென்ஸு ஒண்ணை டெஸ்ட் பண்ணணும்"னேன். அவ அரிவாமனையை மடக்கி வெச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, ஒண்ணும் கேக்காம பின்கட்டுக் கதவைத் திறந்து வெளிய போனா. கொல்லையில நடந்தா, நடந்தா, கடைசியில மதிலோரம் தென்னை மரத்துக்குப் பக்கத்துல போய் நின்னு திரும்பினா. "இங்க போதுமா, இன்னும் பின்னால போகணுமா"ன்னு கேட்டா.

பழக்கம் சார். முப்பது வருஷப் பயிற்சி. கிட்ட வான்னு சொன்னா சந்தேகம் வந்துடும், ரகசியம் உடைஞ்சுடும். அதனால அப்படியே எடுத்தேன். தென்னை மரம் நல்லா வந்துச்சு.

விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. பிலோமினா சிஸ்டர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாங்க. அப்பத்தான் யாரோ சொல்லி, கரூர் பைபாஸ்ல ஒரு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் வேற ஜாதி மனுஷர். முடியாதுங்கற வார்த்தையே அவர் வாயில வராது. "இப்ப ஏஐ வந்துடுச்சு சார். பத்துப் புள்ளி குடுங்க, மிச்சத்தை அதுவே யோசிச்சுப் போட்டுக்கும்"னார். எனக்கு அந்த மனுஷரை உடனே பிடிச்சுப் போச்சு.

அவர் சில தகவல் கேட்டார். மூக்குத்தி எந்தப் பக்கம்?

சார், நீங்க சிரிக்கக் கூடாது. உங்களையே கேக்கறேன், மனசுல வெச்சுச் சொல்லுங்க, உங்க வீட்டம்மாவுக்கு எந்தப் பக்கம்? பாத்தீங்களா, யோசிக்கறீங்க. நானும் யோசிச்சேன். வலதுன்னேன். புருவம் அடர்த்தியா? மீடியம்னேன். உதடு? மீடியம். மூக்கு? மீடியம். மச்சம் எதுவும் உண்டா? இருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும், இல்லைன்னேன். சிரிச்சா பல்லு தெரியுமா? விழாப் படம், தெரியட்டும்னேன். எதுக்கும் நான் தயங்கலை. கடைக்காரரே சொன்னார், "உங்களை மாதிரி தெளிவாச் சொல்ற கஸ்டமர் அபூர்வம் சார்."

மூணு நிமிஷத்துல முகம் வந்துடுச்சு. வந்துச்சு பாருங்க, அதுல்ல குவாலிட்டி. தோல்ல துவாரம் துவாரமாத் தெரியுது, மூக்குத்தியில ஜன்னல் வெளிச்சம் மின்னுது, தலைமுடி இழை இழையா எண்ணலாம். மூணுக்கு நாலு பிரிண்டு போட்டதும் மேஜையில விரிச்சு, என் பூதக்கண்ணாடியை வெச்சு மூலைக்கு மூலை சோதிச்சேன். ஒரு எடத்துல கட்டம் இல்ல. ஒரு எடத்துல கலங்கல் இல்ல. தில்லை நகர் பொண்ணுக்கு இதைக் காட்டணும்னு நேரா அங்கதான் எடுத்துட்டுப் போனேன்.

அது ரொம்ப நேரம் பாத்துச்சு. "அம்மாவை நான் பாத்ததில்ல சார். இது அவங்கதானா?"

"என் பொண்டாட்டியை எனக்குத் தெரியாதா"ன்னேன்.

அது சட்டம் போட்டுக் குடுத்துச்சு.

மே முப்பத்தொண்ணு. ஆஸ்பத்திரியில பந்தல் போட்டிருந்தாங்க. இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு பொம்பளைங்க கூட்டம். அவ கையில பொறந்து, அவ கையிலயே பிரசவமும் பாத்துக்கிட்ட பொண்ணுங்க நாலு பேரு முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. தையல்நாயகி வெள்ளை யூனிபாரத்துல மேடையில இருந்தா. கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சிருந்தா. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, படத்தை எடுத்தது சிஸ்டரோட கணவர்னு மைக்குல சொன்னாங்க. கைதட்டு. அந்தக் கைதட்டு நியாயமானது சார், அதை நான் இன்னைக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

தலைமை டாக்டர் துணியை விலக்கினார்.

பின்னால இருந்து ரெண்டு மூணு பேர் தட்டினாங்க. முன் வரிசையில ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு: "இவங்கதான் புதுசா வர்ற டாக்டரம்மாவா?" அந்தம்மா உடனே எந்திரிச்சு நின்னு படத்தைப் பாத்து ஒரு கும்பிடு வேற போட்டாங்க.

பிலோமினா சிஸ்டர் என் பக்கத்துல வந்து, மைக்கு கேக்காத மாதிரி, "சார், யாரு இது"ன்னாங்க.

"யாருன்னா? சிஸ்டர்தான்."

"சிஸ்டருக்கு ஏது சார் மூக்குத்தி? மாஸ்க்குல மாட்டுதுன்னு கழட்டி இருபத்தஞ்சு வருஷமாச்சு. துவாரமே தூந்து போச்சு."

தையல்நாயகி எந்திரிச்சு வந்தா. படத்துக்கு முன்னால நின்னு, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, பொறுமையாப் பாத்தா. பிரசவத்துக்கு வந்தவளைப் பாக்கற மாதிரி, நெத்தியில ஆரம்பிச்சுக் கீழ வரைக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"லட்சணமா இருக்காங்க. யாருங்க இவங்க?"

கோவமா கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். அவ நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா சார். "தொழில்நுட்பக் கோளாறு"ன்னு மட்டும் சொன்னேன்.

மறுபடி துணியைப் போட்டு மூடிட்டாங்க. பேச்சு, சால்வை, சாப்பாடு எல்லாம் நடந்துச்சு. வீட்டுக்கு வந்தோம். அவ ராத்திரி எனக்குச் சோறு போட்டா, ரசம் ஊத்தினா. நானாத்தான் ஆரம்பிச்சேன். "பிரிண்டுல ஒரு குறையும் கிடையாது தெரியுமா? முந்நூறு புள்ளி."

"நான் பிரிண்டைச் சொல்லலையே"ன்னா.

அதுக்கடுத்த வாரம் பிலோமினா சிஸ்டர் வந்து அவளைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தில்லை நகருக்குத்தான். என்னைக் கூப்பிடலை. காலையில போனவ சாயங்காலம் வந்தா. ஒரு படம் எடுக்க அவ்வளவு நேரமான்னு கேட்டேன். "எடுத்தது பத்து நிமிஷம். மிச்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்"னா. என்ன பேசினாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இப்ப அந்தப் படம்தான் அங்க தொங்குது. நான் போய்ப் பாத்தேன். காத்திருக்கற எடத்துல பெஞ்சுல ஒரு பொண்ணு வலியோட உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அதைத் தாண்டிக் கிட்டப் போய், பூதக்கண்ணாடியை எடுத்து வெச்சு, சட்டத்தோட மூலையில இருந்து ஆரம்பிச்சு நிதானமாப் பாத்தேன். தொழில் சுத்தமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா தேவைக்கு மேல தெளிவு சார். கண்ணுக்குக் கீழ சுருக்கம் தெரியுது. இடது கன்னத்துல ஒரு மச்சம். ஒரு புருவத்துல பாதி நரை. மோவாய்க்குக் கீழ ஒரு தழும்பு, வெள்ளையா, ஒரு இஞ்சு நீளம். இதையெல்லாம் லேபுல கொஞ்சம் தேச்சு விட்டிருக்கலாம். நான் நிலோஃபருக்குப் போன் பண்ணியே சொன்னேன். அது "அம்மா வேணாம்னுட்டாங்க சார்"னுச்சு.

வீட்டுக்கு வந்து அவ முகத்தைப் பாத்தேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தா.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"அந்தத் தழும்பு பிரிண்டுல வந்த கீறலா, அசல்லயே இருக்கான்னு பாக்கறேன்."

"இருக்கா?"

"இருக்கு. எப்ப வந்துச்சு?"

அவ பேப்பரை மடிச்சா. "தொண்ணூத்திநாலு. புள்ளம்பாடி வாய்க்கால் தலைமதகு. இன்னும் ரெண்டடி பின்னால போன்னீங்க. பாசி. வழுக்கிப் படிக்கட்டுல விழுந்தேன். நானேதான் போய்த் தையல் போட்டுக்கிட்டேன்."

எனக்கு நம்பிக்கை வரலை. என் ரிஜிஸ்டர்ல தேதி வாரியா எல்லாம் எழுதியிருக்கு சார். தேடினேன். அந்த நெகடிவ் கிடைச்சுச்சு. படத்துல அவ இல்ல. மதகு மட்டும் இருக்கு. அன்னைக்கு அவ பிரேமை விட்டு நகந்துட்டாளேன்னு எனக்கு வருத்தமா இருந்தது இப்ப ஞாபகம் வருது. ஆனா வெளிச்சம் நல்லா விழுந்திருந்ததால அந்தப் படத்தைத் துறை மலர்ல அட்டையில போட்டாங்க.

இதைச் சொன்னேன் அவகிட்ட. "அட்டையில வந்துச்சே, ஞாபகம் இருக்கா"ன்னேன். "இருக்கு. மூணு தையல்"னா.

என்ன கேக்கறீங்க? கோவிச்சுக்கிட்டாளாவா? இல்ல சார், அவ கோவிச்சுக்கற ஆளே இல்ல. இப்ப ரிட்டயர்டு. நல்லாத் தூங்கறா. காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கறா. பிலோமினா சிஸ்டரோட ராமேஸ்வரம் போயிட்டு வந்தா. தில்லை நகர் பொண்ணு எப்பவாவது ஞாயித்துக்கிழமை வருது, ரெண்டு பேரும் மாடியில உக்காந்து பேசறாங்க. போன மாசம் நான் மேலணைக்குக் கூப்பிட்டேன். அங்க புதுசா ஷட்டர் போட்டிருக்காங்க, எடுக்கணும். "நீங்க போயிட்டு வாங்க. எனக்கு இனிமே நிக்க முடியாது"ன்னா. முட்டி வலியான்னு கேட்டேன். இல்லைன்னா.

சரி, நமக்கு யாரும் வேணாம்னு தனியாப் போனேன். டிரைபாடைப் போட்டேன். நான் வழக்கமா நிக்கற இடம் கரையில ஒரு கல்லுக்குப் பக்கத்துல, அது மாறாது. அவ நிக்கற இடம் மூணாவது மதகு. கேமராவுல பத்து செகண்டு டைமர் இருக்கு. அமுக்கிட்டு நாமளே போய் நின்னுட்டா ஆச்சு. எனக்கு அஞ்சடி ஆறு இஞ்சு, கணக்குல கழிச்சுக்கலாம்.

அமுக்கிட்டு நடந்தேன். பாதி தூரம் போகலை, பின்னால கிளிக்குனு கேக்குது. திரும்பி வந்தேன். மறுபடி அமுக்கிட்டு வேகமா நடந்தேன். ஆகலை. மூணாவது தரம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடினேன் சார், அறுபத்திநாலு வயசுல. அங்க மீன் பிடிக்கறவங்க தூண்டிலை விட்டுட்டு என்னையே பாக்கறாங்க. பதினோரு தரம் ஓடினேன். பதினோரு படத்துலயும் என் முதுகுதான் விழுந்திருக்கு. அதுவும் இத்தனூண்டு. அதனாலதான் இப்ப திருச்சிக்குப் போறேன். ரிமோட்டுன்னு ஒண்ணு விக்குதாம், கையில வெச்சுக்கிட்டு அங்க போய் நின்னு அமுக்கலாம்.

ஆனா ஒரு சந்தேகம் சார். முன்னெல்லாம் இவ்வளவு தூரம் இருந்ததில்ல. அவ போய் நின்னு, புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, திரும்பிப் பாக்கற வரைக்கும் எனக்குக் காத்திருந்த மாதிரியே தோணினதில்ல. வெள்ளத்துல கரை அரிச்சு இந்தப் பக்கமா தள்ளியிருக்கணும்னு நெனச்சேன். மறுநாள் டேப்பை எடுத்துட்டுப் போய், மீன்காரர் ஒருத்தரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். நாப்பத்தஞ்சு மீட்டர். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். தொண்ணூத்திரெண்டுலயும் நாப்பத்தஞ்சுதான் எழுதியிருக்கேன். என் கையெழுத்துதான்.

அந்தக் காலத்து டேப்புல ஏதோ கோளாறு இருந்திருக்கு சார். துணி டேப்பு. நனைஞ்சா சுருங்கிக்கும்.